நாற்பது நாள் படலை

எனக்குக் கோபம் வந்தால் சாம்பிராணிச் சட்டி பறக்கும் என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது முழுப் பொய் அல்ல. என் வாழ்நாளில் ஒரேயொரு தரம் பறந்தது. கல்லில் பட்டுச் சுக்குநூறானது. அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

நாங்கள் இருந்தது முசலிக் கரையில். சிலாவத்துறைக் கடற்கரையிலிருந்து பற்றைக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தால் சுண்ணாம்புக் கல்லில் ஒரு குகை வரும். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். அதற்கும் அப்பால் ஓர் உள்ளறை. அங்கேதான் வௌவால்கள், கூரை தெரியாத அளவுக்கு. பழந்தின்னி வௌவால்கள் அல்ல, பூச்சி பிடித்துத் தின்னும் சின்ன வௌவால்கள். அந்தக் குகையில் ஓர் அவுலியா இருந்து தொழுதார் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஒரு சந்நியாசி இருந்து செபம் செய்தார் என்று மன்னார்த் தீவிலிருந்து வருகிற வேதக்கார ஆட்கள், கிறிஸ்தவர்கள், சொல்வார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளாகத்தான் இருக்கும் என்பது என் கணவரின் கட்சி. அந்த ஒரே ஆளுக்கு விளக்கு வைப்பது அவருடைய குடும்பத்து வேலை.

குகைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண் உள்ளறைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார வேண்டும். வௌவாலின் செட்டை அவள் மேல் பட்டால் நேர்த்தி ஏற்கப்பட்டது என்று பொருள். ஆனால் பகலில் தூங்குகிற பிராணி சும்மா பறக்குமா? அதற்காகத்தான் சாம்பிராணி. புகை மேலே ஏறியதும் அத்தனையும் கிளம்பும், அறை முழுக்கச் செட்டை அடிக்கும், ஏதாவது ஒன்று தோளிலோ தலையிலோ உரசிக்கொண்டு போகும். ஆண்கள் உள்ளறைக்கு வருவதில்லை. ஆகவே சட்டி பிடிப்பது விளக்கு வைப்பவரின் மனைவி. நான் கலியாணம் முடித்து வந்த மூன்றாம் நாளே மாமியார் சட்டியை என் கையில் தந்துவிட்டார்.

எனக்கு அந்த வேலை நன்றாக வந்தது. பனையோலை விசிறியை எந்தப் பக்கம் சாய்த்தால் புகை கூரையின் பள்ளங்களுக்குள் போய்ப் புகும் என்று கண்டுபிடித்துவிட்டேன். மாமியார் அரை மணி நேரம் இருமிக்கொண்டு செய்ததை நான் ஒரு கலிமா ஓதி முடிப்பதற்குள் செய்தேன். "இந்த ராத்தாட கைராசி" என்று பெண்கள் சொல்லிப் போனார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது, மறைப்பானேன்.

அந்தக் கைராசி எனக்கு மட்டும் பலிக்கவில்லை. ஆட்கள் இல்லாத நாட்களில் நானே சட்டியை வைத்துவிட்டு நானே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ செட்டைகள் பட்டன. ஐந்து வருடமாகியும் வயிறு திறக்கவில்லை. என் கணவரின் சொந்தக்காரர் இன்னொரு நிக்காஹ் பற்றி மெல்லப் பேச்செடுத்தபோது கணவர், "ஒருத்தியின்ட கோவத்தைத் தாங்கவே எனக்கு உசிர் போகுது. ரெண்டாவது வந்தா ஆரு தாங்குறது?" என்று சொல்லி எழும்பிப் போய்விட்டார். நான் அடுப்படியில் இருந்து கேட்டேன். அன்று இரவு அவருக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன்.

பிறகு ஒரு வருடம் சலாபம் விழுந்தது. முத்துக்குளிப்புக்கு எங்கள் கரையில் சொல்லும் பெயர் அதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் நினைத்த வருடமெல்லாம் முத்துக் குளிக்க முடியாது. சிப்பி முற்றியிருக்கிறது என்று பார்த்து அரசாங்கம் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் நேற்றுவரை நண்டு ஓடிய மணலில் இன்று ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டணம் எழும்பும். கீழக்கரையிலிருந்து வருவார்கள், அரபு நாட்டிலிருந்து வருவார்கள், யாழ்ப்பாணத்திலிருந்து சுருட்டு விற்க வருவார்கள். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அப்படித்தான். வந்தவர்கள் காட்டுக்குள் ஒரு குகை இருக்கிறது, பிள்ளை வரம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டார்கள். அவ்வளவுதான். வழக்கமாக ஒரு கிழமைக்கு இரண்டு பெண்கள் வருகிற இடத்தில் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு என்று வந்தார்கள். நான் காலையில் பிடித்த சட்டியை மத்தியான லுஹர் பாங்குக்குத்தான் கீழே வைத்தேன்.

அப்படி ஒரு நாள் நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. உள்ளறையைக் கூட்டலாம் என்று கைவிளக்கோடு போனேன். தரையில் பேரீச்சம்பழம் கொட்டியதுபோல ஏதோ கிடந்தது. வந்தவர்கள் தின்றுவிட்டுப் போட்டது என்று நினைத்து வாயில் வந்ததைச் சொல்லிக்கொண்டு குனிந்தேன். பழம் அல்ல. வௌவால் குஞ்சுகள். மயிர் முளைக்காத, கண் திறக்காத குஞ்சுகள். பல செத்துப்போயிருந்தன. சில வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றை எடுத்தேன். அது என் பெருவிரலைத் தன் தாய் என்று நினைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

தாயின் வயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த குஞ்சுகள் அவை. புகைக்குப் பயந்து தாய்கள் பதறிக் கிளம்பும்போது பிடி விட்டு விழுந்திருக்கின்றன. என் விசிறி எட்டாத பள்ளம் அந்தக் கூரையில் ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளை கேட்டு வந்த ஒவ்வொருத்திக்காகவும் நான் எத்தனை பிள்ளைகளை விழுத்தியிருக்கிறேன் என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மற்ற வருடங்களில் ஒன்றிரண்டு விழுந்ததைக் கண்டும் குப்பையோடு கூட்டித் தள்ளியிருக்கிறேன். யா அல்லாஹ், கண் இருந்தும் குருடியாகத்தான் இருந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து ஒரு பெண், "ராத்தா, கெதியாப் புகையைப் போடுங்கோ, நாங்க போகோணும்" என்று கூப்பிட்டாள். அப்போதுதான் சட்டி பறந்தது.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். "இனிச் சட்டி பிடிக்க மாட்டன்."

"நேந்து வாற சனத்துக்கு நான் என்ன சொல்றது?"

"குஞ்சு பறக்குமட்டும் பூட்டு எண்டு சொல்லுங்கோ."

"குகைக்குப் பூட்டுப் போட ஏலுமா?"

"அப்ப படலை கட்டுங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு போய் பாலைக் கம்பு வெட்டி வந்தார். குகை வாசலுக்கு அளவாக, வௌவால்கள் போய்வர மேலே இடம் விட்டு ஒரு படலை கட்டி, முள்ளுக் கொப்புகளை வைத்து இறுக்கினார். கையெல்லாம் கீறல். நான் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன். அவருக்கும் அந்தக் குஞ்சுகள் மேல் இரக்கம் இருந்ததா, என் மேல்தான் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

படலை கட்டுவது சுலபம், காப்பதுதான் பாடு. மூன்று நாள் வாசலில் இருந்து வாய் நோகச் சொன்னேன். உள்ளே குஞ்சுகள் சாகின்றன, கொஞ்ச நாள் பொறுங்கள் என்றேன். யார் கேட்டார்கள்? "வவ்வாலுக்குப் போய் இந்தப் பாடா?" என்றார்கள். "குகை என்ன, இவட சீதனமா?" என்று ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். விடியற்காலையில் நான் வருவதற்குள் யாரோ முள்ளை விலக்கிப் பந்தத்தோடு போய்விட்டு வந்திருந்தார்கள். அன்றும் தரையில் புதிதாகக் குஞ்சுகள் விழுந்திருந்தன.

அந்தக் காலைதான் அவள் வந்தாள். மன்னார்த் தீவில் தாழ்வுபாடு என்ற ஊர்ப் பெண். என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவள். கழுத்தில் நூலில் கோத்த சின்னச் சிலுவை. சலாபத்துக்குக் கருவாடு ஏற்றிவந்த மாமனாரின் வள்ளத்தில் கெஞ்சி இடம் பிடித்து வந்திருந்தாள். மத்தியானம் சோளகக் காற்று எழும்பியதும் வள்ளம் திரும்புகிறது என்றாள்.

"தங்கச்சி, இண்டைக்கு ஏலாது," என்றேன். "குஞ்சுகள் பறக்கட்டும். பொறுத்து வாங்கோ."

"பொறுத்து வர எனக்கு வள்ளம் இல்லை அக்கா. கலியாணம் கட்டி ஆறு வருசம். போகாத கோயில் இல்லை. இந்த ஒருக்காத்தான் விட்டவை. 'இதோட உன்ர அலைச்சல் முடியோணும்' எண்டு மாமா சொல்லிப்போட்டார். இனி விடமாட்டினம்."

நான் ஏலாது என்று திரும்பவும் சொன்னேன். அவள் அழவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அக்கா?"

"இல்லை."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இல்லாமலோ இப்பிடிக் கதைக்கிறியள்?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். என்னைப்போன்ற அவளே சொன்னதால் பொறுக்க முடியவில்லை. முள்ளை இழுத்து எறிந்துவிட்டு அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். புகை போடவில்லை. கைவிளக்கை வெளி அறையிலேயே வைத்தேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் தரையைக் காட்டினேன். உயிரோடு கிடந்த ஒரு குஞ்சை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "நீங்க கேக்கிற பிள்ளைக்கு விலை இதுதான். வேற சட்டி எடுக்கவா? சொல்லுங்கோ, எடுக்கிறன்," என்றேன். கொடுமையான பேச்சு. இன்று நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

குஞ்சு அவள் விரலைக் கட்டிக்கொண்டு வாயால் தேடியது. அவள் குனிந்து அதைப் பார்த்து, "இதின்ர தாய்?" என்றாள்.

நான் மேலே காட்டினேன்.

அவள் சுவரோடு ஒட்டி நின்று, குஞ்சு பிடித்திருந்த கையை எட்டுமளவு மேலே தூக்கினாள். கூரையில் கீச்சுக் கீச்சென்று சத்தம். குஞ்சும் கத்தியது, எங்களுக்குக் கேட்டும் கேட்காத ஒரு மெல்லிய குரலில். அவள் கை தளர்ந்து இறங்கத் தொடங்கியது. நான் கீழிருந்து அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். அப்படியே நின்றோம். வெளியே வெயில் ஏறியிருக்க வேண்டும். வள்ளத்துக்கு நேரமாகிறது என்று இருவருக்கும் தெரியும்.

கடைசியில் ஒரு வௌவால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது. சுவரில் இறங்கிப் பின்பக்கமாக ஊர்ந்து வந்து, அவள் விரல்களின் மேல் ஏறி, குஞ்சை மோந்து பார்த்தது. குஞ்சு ஒவ்வொரு காலாக அவள் விரலை விட்டுத் தாயின் வயிற்றைப் பிடித்தது. பிறகு இரண்டும் மேலே போய்விட்டன. அவள் கையை இறக்க மறந்து நின்றாள். அந்தத் தாயின் செட்டை அவள் கையில் பட்டிருக்கத்தான் வேண்டும். நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. பல நாள் கழித்துக் கஞ்சி காய்ச்சும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

"இது பிள்ளைப்பெத்த வீடல்லோ அக்கா," என்றாள் அவள் மெல்ல. "இதுக்குள்ள ஆரும் புகை போடுவினமோ?" சொன்னவள் சட்டென்று சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் வந்திருக்கக்கூடாது. என்ர கண் பட்டிடும்."

எங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் அது ஒன்றுதான். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பிள்ளை இல்லாதவள் போகக்கூடாது. என் சொந்தத் தங்கை முதல் பிள்ளை பெற்றபோது நான் வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே கூப்பிடவில்லை. சர்பத்தை வெளியே கொண்டுவந்து தந்தார்கள். பிள்ளைப்பேற்றின் நாற்பது நாள் கழிந்து பிள்ளையைக் காட்டியபோதும் என் மடியில் வைக்கவில்லை, மற்றொருத்தியின் மடியில் வைத்து எனக்குக் காட்டினார்கள். சிரித்துக்கொண்டு பார்த்தேன். அவளுக்கும் அப்படி எத்தனை வாசல்கள் இருந்திருக்கும்.

"அப்பிடிப் பாத்தா நானும் வெளியில போகோணும்," என்றேன். "நான் போனா இதுகளுக்கு ஆரு காவல்?"

அவள் முகத்தை மூடிய தலைப்பை எடுத்தாள். இரண்டு பேருமாகத் தரையில் உயிரோடு கிடந்த மற்றக் குஞ்சுகளையும் பொறுக்கிச் சுவரில் எட்டுமளவு உயரத்தில் பிடிக்க வைத்தோம். எல்லாவற்றையும் தாய்கள் வந்து எடுக்கவில்லை. சிலவற்றை எடுத்தன.

வெளியே வந்ததும் அவள் வேப்பங்கொப்பு ஒன்றை முறித்தாள். சேலை ஓரத்தில் நூல் உருவி, படலையின் நடுவில் அதைக் கட்டினாள். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் கட்டுவதுபோல. பிறகு கடற்கரைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நேர்த்தி வைக்காமல், புகை போடாமல், வந்த காரியம் நடக்காமல் போனாள். வள்ளம் அவளுக்காக நின்றதா என்றுகூட எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேனே என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அந்த வேப்பிலை செய்த வேலையை நான் மூன்று நாள் கத்தியும் செய்ய முடியவில்லை. வந்த பெண்கள் படலையைக் கண்டதும் நின்றார்கள். குரல் தானாகத் தாழ்ந்தது. "ஆருக்கு?" என்றார்கள். "உள்ளுக்கு எல்லாருக்கும்தான்," என்றேன். "நாப்பது கழியட்டும்." அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்னென்ன கூடாது என்பது எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புகை கூடாது, சத்தம் கூடாது, வெளிச்சம் கண்ணில் அடிக்கக்கூடாது, கூட்டமாகப் போகக்கூடாது. ஒன்றுக்கும் நான் புதிதாகச் சட்டம் போடவில்லை.

சலாபத்தைப் பார்க்க வந்த ஒரு துரை மட்டும் இரண்டு அரிக்கன் லாம்போடு குதிரையில் வந்து இறங்கினார். கூட வந்த உள்ளூர் அதிகாரி முதலியார்தான் மொழிபெயர்ப்பு. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு, "உள்ளுக்குப் பிள்ளைப்பேறு, ஆம்பிளையள் போகப்படாது" என்றேன். முதலியார் அதை என்னவென்று சொன்னாரோ, துரையின் முகம் சிவந்துவிட்டது. லாம்பைப் பின்னால் நின்றவனிடம் நீட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றி, படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இருட்டைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. நாற்றம் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். சில நாளில் அரசாங்கக் கந்தோரிலிருந்து, உள்ளே போகக்கூடாது என்று இங்கிலீசில் எழுதிய ஒரு பலகை வந்தது. அதையும் படலையில் மாட்டினோம். பலகையை எவரும் வாசிக்கவில்லை, வேப்பிலையை எல்லாரும் வாசித்தார்கள்.

நாற்பது முடிந்து படலையைத் திறந்தபிறகும் உடைந்த சட்டிக்குப் பதில் வேறு சட்டி நான் எடுக்கவில்லை. நேர்த்திக்கு வருகிறவர்களை அந்தியில் மஹ்ரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால் வாசலுக்கு வெளியே உட்காரச் சொன்னேன். வௌவால்கள் இரை தேட வெளியே வருகிற நேரம் அது. யாரும் விரட்டாமலே தலைக்கு மேலால் ஆறுபோல வரும். பட விரும்புகிற செட்டை பட்டுவிட்டுப் போகும். மாமியார் முணுமுணுத்தார், பிறகு அவரே பாயைக் கொண்டுவந்து விரித்தார்.

மறு வருடம் சலாபம் இல்லை. கரை வெறிச்சென்று கிடந்தது. பங்குனி பிறந்ததும் கணவர் படலையைப் பழுது பார்த்து நிறுத்தினார், நான் வேப்பிலை கட்டினேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒற்றையடிப் பாதையில் அந்தத் தாழ்வுபாட்டுப் பெண் வருகிறாள், தலையில் ஒரு ஓலைப் பெட்டியோடு. முதலில் என் கண் அவள் வயிற்றுக்குத்தான் போனது. பெண் புத்தி. ஒன்றும் இருக்கவில்லை.

"தங்கச்சி, குஞ்சுகள் இன்னும்..." என்று தொடங்கினேன்.

"நேர்த்திக்கு வரேல்லை அக்கா," என்றாள். "குஞ்சுகளைப் பாக்க வந்தனான். மனுசனோட சண்டை பிடிச்சு வந்தனான்."

பெட்டியில் எனக்குக் கருவாடும் ஒடியல் மாவும் இருந்தன. ஒரு கிழமை எங்கள் வீட்டில் தங்கினாள். காலையில் இருவருமாக உள்ளே போய் விழுந்தவற்றைத் தூக்கி வைப்போம், மற்ற நேரம் படலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருப்போம். "மலடியள் ரெண்டு பேரைப் பிள்ளைப்பெத்த வீட்டுக்குக் காவல் வைச்சிருக்கு" என்று யாரோ சந்தையில் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அவள் சிரித்தாள். அப்படிச் சொன்னவள் யாரென்று நான் விசாரித்தேன், அவள் என்னைப் போகவிடவில்லை. அதற்குப் பிறகும் பல வருடம் பங்குனியில் வந்தாள். எங்கள் இருவருக்கும் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. அதை நினைத்து நாங்கள் சேர்ந்து அழுத நாட்களும் உண்டு.

அந்த முதல் கிழமையில் ஒரு நாள், விறகுக் கட்டோடு அந்த வழியால் போன ஒரு பெண் படலையில் வேப்பிலையைக் கண்டு நின்றாள். கட்டை இறக்கி வைத்தாள். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்பதுபோல, தணிந்த குரலில் எங்களைப் பார்த்து, "உள்ளுக்கு எல்லாருக்கும் சுகமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் எவரும் கேட்டதில்லை. நான் படலையின் வேப்பிலையைப் பிடித்துக்கொண்டேன். தாழ்வுபாட்டுத் தங்கச்சிதான் எழும்பி, சேலையைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னாள்.

"ஓம். தாயும் பிள்ளையளும் சுகம்."